நம்ம கலருக்கு ஃபவுண்டேஷன் ஷேடு எடுக்குறது: பிரைடல் மேக்கப்ல நான் பார்த்துக் கத்துக்கிட்டது

கல்யாண ஆல்பத்துல பொண்ணு முகம் மட்டும் சாம்பல் கலர்ல, கழுத்து ஒரு கலர், கை ஒரு கலர்னு இருக்குறதைப் பார்க்காதவங்க நம்ம ஊர்ல இருக்கவே மாட்டாங்க. எல்லாரும் "மேக்கப் ஓவர்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க, ஆனா பாதி நேரம் அது ஓவரே கிடையாது, கம்மியா போட்டிருந்தாலும் ஷேடு தப்பா எடுத்திருந்தா அப்படித்தான் வரும். நான் மதுரையில பிரைடல் மேக்கப் பண்றேன், முகூர்த்தம், ரிசப்ஷன், வளைகாப்பு, சடங்குன்னு வரும், சிவகாசி, ராம்நாடு, தூத்துக்குடி பக்கமும் போறது உண்டு, அதனால எல்லா விதமான கலரும் கைக்கு வந்திருக்கு. ட்ரையலுக்கு வர்ற பொண்ணுங்க கிட்ட வாயால சொல்றதைத்தான் இங்க எழுதுறேன், வரிசையா இருக்காது, ஞாபகம் வர வர எழுதுறேன்.

முதல்ல ஃபவுண்டேஷன், அதாவது முகம் ஒரே கலரா தெரிய அடியில பூசுற தோல் கலர் கிரீம், அந்தப் பாட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். எந்த பிராண்டா இருந்தாலும் கலர் வர்றது பெரும்பாலும் நாலு பொருள்ல இருந்துதான், வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்ஸைடு, அப்புறம் மஞ்சள், சிவப்பு, கருப்புன்னு மூணு அயர்ன் ஆக்ஸைடு. லைட் ஷேடுன்னா வெள்ளை தூக்கலா இருக்கும், டார்க் ஷேடுன்னா வெள்ளை கம்மியாகி மத்த மூணும் ஏறும். இப்போ நல்ல மாநிறமா இருக்குற பொண்ணுக்கு ரெண்டு மூணு ஷேடு லைட்டா எடுத்துப் போட்டா அந்த வெள்ளை தோலுக்கு மேல மெல்லிசா ஒரு படலமா உக்காந்துக்கும். கருப்பு இரும்புச் சட்டியில தண்ணி மோரை ஊத்திப் பாருங்க, வெள்ளையாவே தெரியாது, லேசா நீலம் ஓடுன சாம்பலாத்தான் தெரியும், முகத்துல நடக்குறதும் அதேதான். இதை மறைக்கணும்னு இன்னொரு கோட் போடுவாங்க, படலம் தடிச்சு சாம்பல் போயி சுண்ணாம்பு வரும், அதுக்கு மேல பவுடர் வேற. கலராக்குறேன்னு ஆரம்பிச்ச வேலை இப்படித்தான் முடியும்.

ஆனா என்னைக் கேட்டா லைட், டார்க்கை விடப் பெரிய பிரச்சினை அண்டர்டோன்தான். கருப்பு, மாநிறம், செவப்புன்னு நாம சொல்றது எல்லாம் மேல தெரியுற அளவு, அதுக்கு அடியில ஒரு சாயல் ஓடுது பாருங்க அதைத்தான் அண்டர்டோன்னு சொல்றாங்க. தோல்ல இருக்குற மெலனின்ல ரெண்டு வகை இருக்கு, ஒண்ணு கரும்பழுப்பு, இன்னொண்ணு செம்மஞ்சள், அது போக அடியில ஓடுற ரத்தத்தோட சிவப்பு, சாப்பாட்டுல இருந்து சேர்ற கரோட்டினோட மஞ்சள், இதெல்லாம் சேர்ந்து ஒவ்வொருத்தருக்கும் ஒரு விதமா வருது. அக்கா தங்கச்சி ரெண்டு பேர் ஒரே அளவு மாநிறமா இருப்பாங்க, ஒருத்திக்குத் தங்க மஞ்சளா அடிக்கும், இன்னொருத்திக்கு செம்பு மாதிரி செவந்து அடிக்கும், ஒரே பாட்டில் ரெண்டு பேருக்கும் செட் ஆகாது. இதுல ஆலிவ்னு ஒண்ணு இருக்கு, மஞ்சளோட லேசா பச்சை கலந்த சாயல், நம்ம பக்கம் இது நிறைய பேருக்கு இருக்கு, ஆனா தனக்கு இருக்குன்னு தெரியாது. எந்த ஃபவுண்டேஷன் போட்டாலும் ஒண்ணு பிங்க்கா இருக்கு இல்லைன்னா ஆரஞ்சா இருக்குன்னு யாராவது புலம்புனா நான் முதல்ல ஆலிவ்வான்னுதான் பார்ப்பேன்.

யூடியூப்ல மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமான்னு பாருங்கன்னு ஒரு டெஸ்ட் சொல்வாங்க. நல்ல கருப்பா இருக்குறவங்களுக்கு நரம்பே தெரியாது, அவங்க எதைப் பார்க்குறது? தங்கம் எடுப்பா இருக்கா வெள்ளி எடுப்பா இருக்கான்னு இன்னொரு டெஸ்ட், நம்ம ஊர்ல பொறந்ததுல இருந்து தங்கத்தோடயே பார்த்துப் பழகுன கண்ணுக்கு அது எப்படி வேலை செய்யும் சொல்லுங்க. நான் பண்றது ரொம்ப சிம்பிள். ஒரே அளவு டார்க்கா இருக்குற மூணு ஷேடு எடுத்துக்குவேன், ஒண்ணு மஞ்சள் பக்கம், ஒண்ணு ரெண்டு பக்கமும் சாயாத நியூட்ரல், ஒண்ணு சிவப்புப் பக்கம், தாடை எலும்பு ஓரமா ஆரம்பிச்சு கழுத்து வரைக்கும் மூணு கோடு பக்கத்துப் பக்கத்துல இழுத்துட்டு ரெண்டடி தள்ளி நின்னு பார்ப்பேன், எந்தக் கோடு காணாம போகுதோ அதுதான் அவங்களோடது. மூணுமே தெரியுதுன்னா அளவு தப்பு, அடுத்த மூணு எடுக்கணும். இதுக்கு எந்தத் தியரியும் வேண்டாம்.

புறங்கையில தேய்ச்சுப் பார்க்குறதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க. கடையில நிக்கிற பொண்ணுங்களே கையை நீட்டச் சொல்றாங்க, ஆனா புறங்கை வெயில் பட்டுப் பட்டு வேற கலர்ல இருக்கும். அதே சமயம் முகத்தை மட்டும் நம்பவும் முடியாது. நம்ம ஆளுங்களுக்கு முகம் முழுக்க ஒரே கலர்ல இருக்குறது ரொம்ப அபூர்வம், நெத்தியும் வாயைச் சுத்தியும் கறுத்திருக்கும், கன்னத்து நடுவுல வெளுத்திருக்கும், ஸ்கூட்டியில வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு முகம் மொத்தமா டேன் ஆகி நெஞ்சுப் பகுதியை விட ஒரு ஷேடு ஏறியிருக்கும். அதனால பிளவுஸ் கழுத்துக்கு மேல தெரியுற நெஞ்சு, தோள்பட்டை இதையும் சேர்த்து வெச்சுத்தான் முடிவு பண்ணுவேன். போட்டோவுல முகத்தோட சேர்ந்து வர்றது அதுதானே.

கழுத்துல இன்னொரு விஷயம் கவனிக்கணும். சில பேருக்குப் பின்கழுத்துலயும் பக்கவாட்டுலயும் வெல்வெட் துணி மாதிரி தடிச்சு கறுத்திருக்கும், தேய்ச்சுக் குளிக்கலைன்னு வீட்டுல திட்டு வாங்கியிருப்பாங்க பாவம், அது அழுக்கு கிடையாது. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னா அப்படி வரும், பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி இருக்குற பொண்ணுங்ககிட்ட அடிக்கடி பார்க்குறேன். அந்தக் கழுத்துக்கு மேட்ச் பண்ணா முகம் கறுத்துப் போயிடும், முகத்துக்கு மேட்ச் பண்ணிக் கழுத்துல அப்பியும் வைக்க முடியாது, வேர்வையில வழிஞ்சிடும். நெஞ்சுக்கு மேட்ச் பண்ணிட்டு கழுத்துக்கு மட்டும் மெல்லிசா ஆரஞ்சு கரெக்டர் (கறுப்பை அடிக்குறதுக்கு ஃபவுண்டேஷனுக்கு அடியில வைக்குற கலர் கிரீம்) போட்டு அதே ஃபவுண்டேஷனைக் கொஞ்சமா தட்டி விடுவேன். தனியா இருக்கும்போது மெதுவா "ஒரு தடவ சுகர் டெஸ்ட் எடுத்துப் பாரும்மா"ன்னு சொல்லி வைப்பேன், இதைச் சொல்றது என் வேலையான்னு கேட்டா, ஆமா, அவ்வளவு பக்கத்துல உக்காந்து கழுத்தைப் பார்க்குறது நான்தானே.

போட்டவுடனே முடிவு பண்ணாதீங்க. ஃபவுண்டேஷன் போட்டு இருபது, முப்பது நிமிஷத்துல அதுல இருக்குற ஈரம் ஆவியாகி, தோல்ல சுரக்குற எண்ணெய் கலந்து, கலர் கொஞ்சம் கறுக்கும், ஆக்ஸிடைஸ் ஆகுதுன்னு சொல்வாங்க. எண்ணெய் வழியுற தோலுக்கு இது ரொம்பவே தெரியும், சில பாட்டில்ல மஞ்சளா போட்டது ஆரஞ்சா மாறி நிக்கும். கடையில தாடையில தடவிட்டு வேற கடையெல்லாம் சுத்திட்டு வந்து பாருங்க. கடை லைட்டுலயும் பார்க்காதீங்க, மஞ்சள் பல்பு 2700, 3000 கெல்வின்ல எரியும் (வெளிச்சத்தோட கலருக்கான அளவு அது, நம்பர் குறைஞ்சா மஞ்சள்), பகல் வெளிச்சம் 5500 பக்கம், மஞ்சள் லைட்டுல எல்லா ஷேடும் அழகாத்தான் இருக்கும். வாசலுக்கு வந்து நிழல்ல நின்னு கண்ணாடியில பாருங்க, செல்போன்ல பார்க்குறதா இருந்தா பியூட்டி மோடை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க, இல்லைன்னா போனே உங்களை ஒரு ஷேடு வெளுத்துக் காட்டும்.

இப்போ நம்ம ஊர்க் கல்யாணத்துக்கே உரிய விஷயத்துக்கு வர்றேன், இதை வெளிநாட்டு வீடியோ எதுலயும் சொல்லித்தர மாட்டாங்க. ட்ரையல் ஒரு மாசம் முன்னாடி முடிஞ்சிருக்கும், ஷேடெல்லாம் டைரியில எழுதி வெச்சிருப்பேன், முகூர்த்தத்தன்னைக்கு விடியக்காலை மூணு மணிக்குப் போய் உக்காந்தா பொண்ணு முகம் மஞ்சள்ல பளபளன்னு இருக்கும். முந்தின நாள் நலங்கு வெச்சிருப்பாங்க, அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாரும் ஆளாளுக்குப் பூசியிருப்பாங்க. அந்த மஞ்சளுக்கு மேல ட்ரையல்ல போட்ட அதே வார்ம் ஷேடை, அதாவது மஞ்சள் பக்கம் சாயுற ஷேடைப் போட்டா காமாலை வந்த மாதிரி ஆயிடும். மஞ்சள்ல இருக்குற குர்குமின் தண்ணியில கரையாது, எண்ணெயிலதான் கரையும், அதனால சோப்புப் போட்டு எத்தனை தடவ கழுவுனாலும் முழுசா போகாது, முகம் காஞ்சு போறதுதான் மிச்சம். கிளென்சிங் பாம் (மேக்கப்பைக் கரைச்சு எடுக்குற எண்ணெய்ப் பசை) இருந்தா அது, இல்லைன்னா தேங்காய் எண்ணெயை மெதுவா தேய்ச்சு பஞ்சுல துடைச்சு எடுத்துட்டு அப்புறம் ஃபேஸ்வாஷ், அதுக்கப்புறமும் லேசா நிக்குற மஞ்சளுக்கு வார்ம் ஷேடை விட்டு நியூட்ரலுக்கு மாறிக்குவேன். பொண்ணு வீட்டுல முன்னாடியே சொல்லிடுவேன், நலங்கு சந்தோஷமா வெய்ங்க, முகத்துல பேருக்கு ஒரு பொட்டு, மத்ததெல்லாம் கை காலுக்குன்னு. கேட்கவா போறாங்க, இருந்தாலும் சொல்லுவேன்.

ரெண்டாவது பிளீச். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி பக்கத்துப் பார்லர்ல முகத்துக்கு மட்டும் பிளீச் பண்ணிட்டு வந்துடுவாங்க, முகத்துல இருக்குற பூனை முடி வெளுத்து முகம் தனியா மினுக்கும், கழுத்து பழைய கலர்லயே இருக்கும், எரிச்சல்ல செவந்தும் இருக்கும். ட்ரையலுக்கு அப்புறம் புதுசா எதுவும் பண்ணாதீங்க, பண்ணியே ஆகணும்னா பத்து நாளாவது முன்னாடி பண்ணுங்க, கழுத்து, முதுகுக்கும் சேர்த்து.

மூணாவதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கும். மெடிக்கல் ஷாப்ல யாரோ சொன்னாங்கன்னு ஒரு டியூப் வாங்கி மாசக்கணக்குல தேய்ச்சிருப்பாங்க, அதுல ஸ்டீராய்டு இருக்கும், கூட ஹைட்ரோகுவினோனும் இருக்கும். ஆரம்பத்துல வெளுத்து அழகா தெரியும், போகப் போக தோல் மெலிஞ்சு, கன்னத்துல சிவப்பு சிவப்பா மெல்லிசு நரம்பு ஓடி, மீசை பக்கம் முடி வந்து, வெயில்ல நின்னா எரியும். அந்த முகத்துல வழக்கமான அண்டர்டோன் கணக்கு எதுவும் நிக்காது, எல்லாமே செவந்து தெரியும், நான் கழுத்தைப் பார்த்துத்தான் ஷேடு எடுப்பேன். அவங்ககிட்ட சொல்றது ஒண்ணுதான், தோல் டாக்டரைப் பாருங்க, நீங்களா திடீர்னு நிறுத்தவும் செய்யாதீங்க, நிறுத்தினா சிவப்பும் எரிச்சலும் ஒரேயடியா கிளம்பும், டாக்டர்தான் படிப்படியா குறைச்சு விடணும்.

"கலரா போட்டு விடும்மா"ங்கறது இந்த வேலையில தினம் கேக்குற பாட்டு. பொண்ணு ஒண்ணும் சொல்லாது, அம்மாதான் வந்து காதுல சொல்வாங்க, "மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் நல்ல கலரு, இன்னும் கொஞ்சம் தூக்கி விடும்மா"ன்னு. 1975ல இருந்து ஃபேர்னு டியூப்ல எழுதி வித்த கிரீமுக்கு 2020லதான் பேரை மாத்துனாங்க, அம்மாங்களை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. நான் வாக்குவாதம் பண்றதே கிடையாது. ட்ரையல் அன்னைக்கு முகத்துல வலது பக்கம் அவங்க கேட்ட லைட் ஷேடு, இடது பக்கம் நான் எடுத்த ஷேடு போட்டுட்டு "அம்மா, உங்க போன்ல பிளாஷ் போட்டு நீங்களே ஒரு போட்டோ எடுங்க"ன்னு குடுத்துடுவேன். என் போன்ல எடுத்தா ஏதோ பண்ணிட்டேன்னு நினைப்பாங்க. போட்டோவைப் பார்த்துட்டு "இந்தப் பக்கம் என்னம்மா முகமே செத்துப் போயிருக்கு"ன்னு அவங்களே வலது பக்கத்தைக் காட்டுவாங்க. எல்லா அம்மாவும் ஒத்துக்குவாங்கன்னு சொல்ல மாட்டேன், ஒருத்தர் கடைசி வரைக்கும் லைட்டுதான் வேணும்னு நின்னாங்க, அப்போ அரை ஷேடு மட்டும் லைட்டாக்கி, கழுத்து, கை, முதுகு எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்டு சமாளிச்சேன். அவங்க உண்மையில கேக்குறது முகம் தெளிவா இருக்கணும்ங்கறதுதான், அதை ஃபவுண்டேஷனை வெளுப்பாக்கிக் கொண்டு வர முடியாது. கருவளையம், வாயோரக் கறுப்பு, மங்கு இதையெல்லாம் கரெக்டர்ல சரி பண்ணி முகத்தை ஒரே கலராக்கிட்டு, கண்ணுக்குக் கீழயும் மூக்குத்தண்டுலயும் மட்டும் ஒரு ஷேடு லைட்டான கன்சீலர் (ஃபவுண்டேஷனை விடக் கெட்டியா, சின்ன இடத்துக்கு மட்டும் வைக்குறது) வெச்சா ஆள் பளிச்சுன்னு தெரிவாங்க, அம்மாவும் "கலரா ஆயிட்டா"ன்னு சந்தோஷப்படுவாங்க.

கரெக்டர்ல ஒரு கணக்கு இருக்கு. கோதுமை நிறத்துக்கு பீச், மாநிறத்துக்கு ஆரஞ்சு, நல்ல கருப்புக்கு செங்கல் மாதிரி செவ்வாரஞ்சு. கருவளையத்துல இருக்குற நீலச் சாம்பலை ஆரஞ்சு அடிச்சுடும், அதுக்கு மேல தோல் கலரைப் போட்டா சாம்பல் எட்டிப் பார்க்காது. இதைப் போடாம நேரா லைட் கன்சீலரைக் கண்ணுக்குக் கீழ அப்பினா அங்கேயும் அதே மோர்தான். மங்குக்கும் இதே முறைதான், ஆனா மங்கு இருக்குற இடத்துல மட்டும் சின்ன பிரஷ்ல வைக்கணும், கன்னம் முழுக்க ஆரஞ்சு பூசிட்டா அப்புறம் எந்த ஷேடும் மேட்ச் ஆகாது.

நல்ல கருப்பா இருக்குற பொண்ணுங்களுக்கு மேக்கப் பண்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஒளி பட்டா அந்தத் தோல் மினுக்குற மாதிரி வேற எதுவும் மினுக்காது. ஆனா ஷேடு கிடைக்குறதுதான் போராட்டம். 2017 செப்டம்பர்ல பாடகி ரிஹானாவோட ஃபென்டி பியூட்டி ஒரே நேரத்துல 40 ஷேடு இறக்குனதுக்கு அப்புறம்தான் மத்த கம்பெனிங்க பலதும் டார்க் பக்கம் ஷேடை ஏத்த ஆரம்பிச்சாங்க, அதுலயும் நம்ம ஊர்க் கடை ஷெல்ஃபுக்கு எல்லா ஷேடும் வந்து சேர்றதில்ல. அதனால கலக்குறதைத் தவிர வேற வழியில்ல. கிரையோலான்னு ஒரு கம்பெனி, 1945ல பெர்லின்ல ஆரம்பிச்சது, நாடகம், சினிமா மேக்கப்புக்குன்னே பண்றவங்க, அவங்க டிவி பெயின்ட் ஸ்டிக்ல எஃப்எஸ் 38, எஃப்எஸ் 45 எல்லாம் நம்ம பக்கம் மேக்கப் பண்ற எல்லார் பெட்டியிலயும் இருக்கும், பிக்மென்ட் ரொம்ப அடர்த்தி, பயறளவு எடுத்துப் பரப்புனா போதும், அள்ளிப் பூசுனா மாஸ்க்தான். மேக் பிராண்டுல என்சி, என்டபிள்யூன்னு ரெண்டு வரிசை வரும், மஞ்சள் சாயல் இருக்குறவங்களுக்கு என்சி, சிவப்புச் சாயலுக்கு என்டபிள்யூ, நம்பர் ஏற ஏற டார்க். நம்ம பக்கம் பல பேர் என்சி 42, 44, 45ன்னு அதுக்குள்ள வருவாங்க. ஆனா ஒரு பிராண்டு நம்பரை இன்னொரு பிராண்டுல தேடாதீங்க, மேபெலின் ஃபிட் மீ ஃபவுண்டேஷன்ல 230, 310, 330ன்னு இருக்குறதுக்கும் மேக்ல இருக்குற நம்பருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஃப்ரெண்டுக்கு செட் ஆச்சுன்னு நம்பர் கேட்டு வாங்குறதும் அதே மாதிரிதான்.

கலக்கும்போது ஒரு விஷயம், கறுப்பாக்கணும்னு டார்க்கை மட்டும் சேர்க்காதீங்க, டார்க் ஷேடுல கருப்பு ஆக்ஸைடு கூடுதலா இருந்தா மந்தமா ஆயிடும், கூட ஒரு துளி ஆரஞ்சோ சிவப்போ சேர்த்தா உயிர் வரும். ஆலிவ் ஆளுங்களுக்கு மஞ்சள் ஷேடுல துளியூண்டு நீல மிக்ஸர், அதாவது ஃபவுண்டேஷன்ல கலக்குறதுக்குன்னே வர்ற நீலக் கலர் சேர்த்தா பச்சைச் சாயல் கிடைச்சிடும், குண்டூசி முனை அளவுதான், அதுக்கு மேல போனா ஹல்க்தான்.

நல்ல செவப்பா இருக்குறவங்களுக்கு ஷேடு ஈஸியா கிடைச்சிடும், அவங்களுக்குக் கன்னத்துல இருக்குற சிவப்பைப் பார்த்து பிங்க் ஷேடு எடுத்துடாம கழுத்தைப் பார்த்து எடுத்தா போதும், வேற பெருசா ஒண்ணும் இல்ல.

சரியான ஷேடு எடுத்தும் ரிசப்ஷன் போட்டோவுல வெள்ளையா அடிச்சா பவுடரைத்தான் சந்தேகப்படணும். எச்டி பவுடர்னு வெள்ளையா வர்றதுல சிலிகா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமரா பிளாஷ் பட்டவுடனே அப்படியே திருப்பி அடிக்கும். ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் இருக்குற சன்ஸ்கிரீனும் இப்படித்தான், பகல்ல வெளிய போக அருமையானது, ராத்திரி ரிசப்ஷனுக்கு வேண்டாம். கிளம்புறதுக்கு முன்னாடி ரூம் லைட்டை அணைச்சிட்டு பிளாஷ்ல ஒரு போட்டோ எடுத்துப் பார்த்துடுங்க. மாநிறத்துக்கு மஞ்சள் சாயல் இருக்குற பனானா பவுடர் ஒத்துவரும், நல்ல கருப்புக்கு அதுவும் வெளுக்கும், அவங்க ஸ்கின் கலர்லயே டின்டட் பவுடர் வாங்கணும். மேடையில பின்க், பர்ப்பிள் எல்இடி போட்டுட்டாங்கன்னா எந்த ஷேடும் காப்பாத்தாது, அதை லைட்டிங்காரர்கிட்ட சொல்லி முன்பக்கம் மட்டும் வெள்ளை லைட் வைக்கச் சொல்லுங்க.

ஆபீசுக்கு, காலேஜுக்கு தினமும் போடுறவங்களுக்கு இவ்வளவு தேவையே இல்ல. சித்திரை வெயில்ல ஒரு கலரும் மார்கழியில ஒரு கலருமா இருப்பீங்க, பெரிய பாட்டில் ஒண்ணு வாங்குறதுக்குப் பதிலா பக்கத்துப் பக்கத்து ஷேடுல சின்ன டியூப் ரெண்டு வாங்கி வெச்சு சீசனுக்குத் தகுந்த மாதிரி கலந்துக்கோங்க. முகம் முழுக்கப் பூசவும் வேண்டாம், மூக்கோரம், வாயோரம், தாடைன்னு கலர் மாறுற இடத்துல மட்டும் வெச்சு ஈரப் பஞ்சுல தட்டி விடுங்க. ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா மாடல் கன்னத்துல தடவுன போட்டோவை நம்பாதீங்க, வாங்குனவங்க ரிவியூல போட்ட போட்டோவுல உங்க கலர்ல யாராவது இருக்காங்களான்னு தேடுங்க. பாட்டில் பின்னாடி திறந்த டப்பா படம் போட்டு 12எம்னு இருந்தா திறந்து பன்னெண்டு மாசம்னு அர்த்தம், நம்ம ஊர் வெயில்ல ஜன்னலோரம் வெச்சிருந்தா அதுக்கு முன்னாடியே எண்ணெய் பிரிஞ்சு வாடை மாறிடும், அதைப் போடாதீங்க.

இப்போ மாப்பிள்ளைங்களும் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, வெக்கப்பட்டுக்கிட்டு "அக்கா, எனக்கும் லேசா ஏதாவது"ன்னு வந்து நிப்பாங்க. அவங்களுக்கு ஃபவுண்டேஷன் முழுசா போட்டா மேடையில முதல் அரை மணி நேரத்துலயே தெரிஞ்சிடும். ஷேவ் பண்ண இடத்துல பச்சை பாய்ஞ்சிருக்கும் பாருங்க, அதுக்கு மெல்லிசா ஆரஞ்சு கரெக்டர், கண்ணுக்குக் கீழ கொஞ்சம் கன்சீலர், அவ்வளவுதான், பொண்ணு ஷேடை இவர்மேல போடாதீங்க, இவர் கழுத்தைப் பார்த்து இவருக்குத் தனியா எடுங்க. போட்டதும் கழுத்துப் பக்கம் பவுடர் போட்டு, பட்டுச் சட்டை காலருக்குள்ள டிஷ்யூவைச் சொருகி வெச்சிடுங்க, கார்ல ஏறுற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும், எடுக்க மறந்துடாம அவங்க தங்கச்சிகிட்ட சொல்லி வெச்சுடுங்க.